வேத வசனமும் நோட்டுப் புத்தகமும்

அமெரிக்கப் பள்ளி நூலகங்களில் பருவ வயதினருக்கென்று – அங்கே 'யங் அடல்ட்' என்று சொல்கிற பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரையானவர்களுக்கு – ஒதுக்கிய அலமாரியில் கவிதை நாவல் என்று ஒரு தனி வகை இடம்பிடித்து முப்பது வருஷங்களுக்கு மேலாகிறது. அதற்குள்ளும் ஒரு கிளை உண்டு. கடுமையான மத ஆசாரம் உள்ள குடும்பத்தில் பிறந்து, அங்கே மூச்சு முட்டி, தன் பேச்சைத் தேடிக்கொள்ளும் பெண்ணின் கதை. நான் படித்தவரை பையன்களின் கதை குறைவு. நம் வட்டத்தில் யாரும் இதைப் பொருட்படுத்திப் பேசிக் கேட்டதில்லை. குழந்தைகளுக்கான சரக்கு, அதிலும் வரியை முறித்துப் போட்ட சரக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். சுலபமாக இருப்பதாலேயே எனக்கு அந்த ஒதுக்கலில் சந்தேகம்.

இந்தக் கதைகளைக் கவிதையில் ஏன் எழுதவேண்டும்? பதிப்பாளரும் ஆசிரியரும் இரண்டு காரணம் சொல்வார்கள். பக்கத்தில் வெள்ளை இடம் அதிகம். படிக்கத் தயங்குகிற பிள்ளைகூட ஐந்நூறு பக்கத்தை இரண்டு நாளில் முடித்துவிடும். இன்னொன்று, அந்த வயது மனம் துண்டு துண்டாகத்தான் அனுபவிக்கிறது, ஆகவே துண்டு துண்டான உருவம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாக் கவிதை நாவலுக்கும் பொருந்துகிற காரணங்கள். மதக் கட்டுப்பாடுள்ள வீட்டைப் பற்றி எழுதும்போது அதற்கு மேல் ஒன்று இருக்கிறது என்பது என் கட்சி. அந்த வீடு பிள்ளையைச் செய்யுளாலேயே வளர்த்த வீடு. அடங்கி நடக்கச் சொல்லிக்கொடுத்ததும் மனப்பாடச் செய்யுள்தான். மீறுகிறவளுக்குக் கையில் கிடைக்கிற முதல் ஆயுதமும் அதுவாகவே இருக்கிறது. இதைச் சொல்ல மூன்றரை நூற்றாண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது.

மாஸச்சூஸெட்ஸில் மால்டன் என்ற ஊரின் போதகர் மைக்கேல் விகிள்ஸ்வர்த் 1662-ல் 'த டே ஆஃப் டூம்' என்ற நெடும்பாட்டை வெளியிட்டார். நியாயத் தீர்ப்பு நாளைப் பற்றியது. எட்டு அடிகள் கொண்ட 224 பாக்கள், தெருப்பாட்டின் மெட்டு. முதல் பதிப்பில் 1,800 பிரதிகள் ஒரு வருஷத்தில் விற்றுப்போனதாகச் சொல்வார்கள். காட்டைத் திருத்தி ஊராக்கிக்கொண்டிருந்த அந்தக் குடியேற்றத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. பியூரிட்டன் வீடுகளில் பிள்ளைகள் இதை ஞானோபதேசத்தோடு சேர்த்து உருப்போட்டார்கள். பிறந்தவுடன் செத்த சிசுக்களும் அதில் கடவுள் முன் வந்து நின்று, ஆதாம் செய்த பாவத்துக்கு நாங்கள் என்ன செய்வோம் என்று வாதாடுகின்றன. வாதம் எடுபடவில்லை. நரகத்தில் கொஞ்சம் உபத்திரவம் குறைந்த அறையை அவற்றுக்கு ஒதுக்குகிறார் கவிஞர். இரக்கம் அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளை இதை எதுகையோடு, தாளத்தோடு, பிசகாமல் ஒப்பித்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்க்கிறேன். பயம் ராகத்தோடு உள்ளே போயிருக்கிறது.

அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த 'நியூ இங்கிலாண்ட் ப்ரைமர்' என்ற அரிச்சுவடியும் அப்படித்தான். முதல் எழுத்துக்கு உரிய பாட்டே ஆதாமின் வீழ்ச்சி. இங்கிலாந்தில் ஐஸக் வாட்ஸ் 1715-ல் குழந்தைகளுக்கென்றே ஞானப்பாட்டுத் தொகுதி ஒன்று போட்டார். அது கடல் கடந்து வந்து அமெரிக்க வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. எட்டு அசை, ஆறு அசை, மறுபடி எட்டு, ஆறு என்று மாறி வரும் அவருடைய ஞானப்பாட்டுச் சந்தம் ஒரு தேசத்தின் காதில் ஊறிப்போயிற்று.

அந்தக் காதுகளில் ஒன்று ஆம்ஹெர்ஸ்ட் ஊரின் எமிலி டிக்கின்ஸனுடையது. நான் பேசும் வகைக்கு ஆதிமூலம் இவர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. நாவல் எழுதாதவரை நாவலின் மூதாதை என்கிறேனே என்று கேட்கலாம். வாழ்க்கையைப் பாருங்கள். 1847-ல், பதினேழு வயது முடியுமுன், மௌண்ட் ஹோலியோக் பெண்கள் கல்விச்சாலையில் சேர்கிறார். அங்கே மாணவிகளை ஆத்ம நிலையை வைத்து மூன்றாகப் பிரித்தார்கள்: விசுவாசத்தை அறிக்கையிட்டவர்கள், நம்பிக்கைக்கு இடம் தருபவர்கள், நம்பிக்கைக்கு இடமில்லாதவர்கள். எமிலி மூன்றாவது வகுப்பில் கடைசிவரை இருந்தார். ஒரே வருஷத்தில் வீடு திரும்பினார். 1850-ல் ஊரையே ஆட்டிய மதப் புத்தெழுச்சியில் தகப்பனாரும் தங்கை லவினியாவும் சபையில் சேர்ந்தார்கள். இவர் சேரவில்லை. தகப்பனார் புத்தகங்கள் வாங்கியும் தருவார், படிக்கவேண்டாம் என்று கெஞ்சவும் செய்வார், மனசு கலங்கிவிடுமாம். லாங்ஃபெல்லோவின் ஒரு கதைப் புத்தகத்தை அண்ணன் கொண்டுவந்து பியானோவின் உறைக்கு அடியில் ஒளித்துவைத்தான். பிறகு அவர் எழுதினார் – அதே வாட்ஸின் சந்தத்தில். கோயிலில் பாடிய மெட்டில் கோயிலுக்குப் போகாதவளின் பாட்டு. தாள்களை மடித்துத் தானே ஊசி நூலால் தைத்து நாற்பது சிறு கட்டுகளாக்கி வைத்திருந்தார். 1886-ல் அவர் இறந்தபின் லவினியா கையில் அவை கிடைத்தன. 1890-ல் அச்சேற்றியவர்கள் கடவுளைப் பழித்துவிட்டாரோ என்று பயந்து மட்டுமல்ல, எதுகை இடறுகிறதே என்று பயந்தும் திருத்தினார்கள். ஆசாரம் எத்தனை வேஷத்தில் வரும் பாருங்கள்.

ஒளித்துவைத்த புத்தகம், தானே தைத்த நோட்டு, கீழ்ப்படிதலின் சந்தத்தையே எடுத்துக் கீழ்ப்படியாமைக்கு உபயோகிப்பது. நூற்றைம்பது வருஷம் கழித்து வரப்போகிற நாவல்களின் சாமான்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன.

இடைப்பட்ட காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். செய்யுளில் நாவல் என்பது புதிதில்லை. புஷ்கினும் எலிஸபெத் பாரெட் ப்ரௌனிங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதியாயிற்று. பருவ வயதினருக்கான உரைநடை நாவல் எஸ். இ. ஹிண்டனின் 'த அவுட்சைடர்ஸ்' வந்த 1967-ஐ ஒட்டி வேறு பாதையில் கிளம்பியது. பள்ளி ஆசிரியர் மெல் க்ளென் 1982-ல் மாணவர்களின் குரலில் தனித்தனிக் கவிதைகள் கொண்ட 'க்ளாஸ் டிஸ்மிஸ்ட்!' வெளியிட்டார். வர்ஜினியா யூவர் வுல்ஃபின் 'மேக் லெமனேட்' 1993. காரென் ஹெஸ்ஸியின் 'அவுட் ஆஃப் த டஸ்ட்' 1997. ஓக்லஹோமாவின் புழுதிப் புயல் காலத்தைப் பற்றிய இந்நாவல் மறு வருஷம் நியூபெரி பதக்கம் பெற்றதும் பதிப்பாளர்களின் கூச்சம் போயிற்று. வுல்ஃபின் அடுத்த நாவல் 'ட்ரூ பிலீவர்' 2001-ல் தேசிய புத்தகப் பரிசு பெற்றது. அதில்தான் மதம் தலை காட்டுகிறது. லவான் என்ற ஏழைச் சிறுமியின் இரண்டு தோழிகள் ஒரு கண்டிப்பான சபைக் குழுவில் சேர்ந்து கற்பு விரதம் பூண்டு அவளை விட்டு விலகிப்போகிறார்கள். தன் கடவுள் யார் என்று அவள் தனியாக யோசிக்கவேண்டியிருக்கிறது. மதம் இங்கே வெளியிலிருந்து வந்த நெருக்கடி. அடுக்களைக்குள் இன்னும் வரவில்லை.

அடுக்களைக்குள் கொண்டுவந்தவர் எல்லன் ஹாப்கின்ஸ். 2004-ல் தன் மகள் போதைக்கு அடிமையான அனுபவத்தை வைத்து 'க்ராங்க்' எழுதிப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றவர். 2006-ல் 'பர்ன்ட்'. நெவாடாவில் மார்மன் குடும்பம். தகப்பன் குடித்துவிட்டுத் தாயை அடிக்கிறான். ஆண் வாரிசு வேண்டியிருந்தவனுக்குப் பெண்ணாகவே பிறக்க, ஒவ்வொருத்திக்கும் படைத் தளபதிகளின் பெயரைத் திரித்து வைக்கிறான். மூத்தவள் பாட்டின், ஜெனரல் பாட்டனின் பெயர். இந்த ஒரு விவரத்துக்காகவே ஹாப்கின்ஸை மதிக்கிறேன். பாட்டினைத் திருத்துவதற்காக அத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அன்பு என்றால் என்னவென்று தெரிந்துகொள்கிறாள். கடைசியில் எல்லாம் பறிபோகிறது. காதலனும் வயிற்றுப் பிள்ளையும் விபத்தில் போக, துப்பாக்கியை நினைத்துக்கொண்டு நிற்கிற பெண்ணோடு நாவல் முடிகிறது. ஏழு வருஷம் கழித்து 'ஸ்மோக்' என்று இரண்டாம் பாகம் எழுத வேண்டிவந்தது.

ஹாப்கின்ஸிடம் எனக்குள்ள பிணக்கு அந்த முடிவைப் பற்றியதல்ல. உருவத்தைப் பற்றியது. அவர் சொற்களைப் பக்கத்தில் சித்திரம்போல் அடுக்குவார். தனியே தள்ளி நிற்கும் சொற்களை மேலிருந்து கீழாகப் படித்தால் இன்னொரு சிறு கவிதை கிடைக்கும். கெட்டிக்காரத்தனம்தான். நம் சித்திரக்கவிக்காரர்கள் ரதத்திலும் பாம்பிலும் செய்ததற்கு இது தூரத்து உறவு. ஆனால் பாட்டினின் காதில் பதினேழு வருஷமாக ஒலித்த மார்மன் ஞானப்பாட்டும் பிரசங்கமும் இந்த அடுக்கில் எங்கே? அவள் வெறுக்கிற மொழியின் தடம் அவள் வரிகளில் இல்லை. மார்மன் வீட்டுப் பெண் சொன்னாலும் போதைக்கு அடிமையான பெண் சொன்னாலும் அடுக்கு ஒரே மாதிரி இருக்கிறது. 1959-க்குப் பிறகு 'எழுத்து'வை ஒட்டிப் புதுக்கவிதைச் சண்டை நடந்தபோது நம்மிடம் கேட்ட கேள்வி – வரியை முறித்தால் கவிதையாகிவிடுமா – இங்கே நியாயமாகவே எழும். அதற்காக இந்நாவலைத் தூக்கி எறியவும் மாட்டேன். அடிவாங்கும் வீட்டில் ஒளிந்து இதைப் படிக்கிற ஒரு பெண்ணுக்கு என் உருவக் கவலையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்த இரண்டையும் நான் சமாதானப்படுத்த முயலவில்லை.

ஸ்டெஃபனி ஹெம்ஃபில் 2010-ல் எழுதிய 'விக்கெட் கேர்ள்ஸ்' வேறு திசையில் போகிறது. 1692-ல் ஸேலம் சூனியக்கார வழக்குகள். குற்றம் சாட்டிய பெண்களின் குரலிலேயே கவிதைகள். விகிள்ஸ்வர்த்தின் பாட்டை உருப்போட்டு வளர்ந்த தலைமுறை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆன் பட்னமுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் வாய் திறக்க உரிமையில்லாத சிறுமிகள் வலிப்பு வந்து கத்தினால் நீதிபதிகள் எழுதிக்கொள்கிறார்கள். பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள்; ஒரு கிழவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். 1706-ல் ஆன் சபைக்கு நடுவில் எழுந்து நிற்க, அவளுடைய மன்னிப்பைப் போதகர் வாசித்தார். ஒடுக்கப்பட்ட பிள்ளை பேச ஆரம்பித்தால் நல்லதே விளையும் என்ற நம்பிக்கைமேல் கட்டிய இலக்கிய வகைக்குள், பேச்சே கொலையான கதையை ஹெம்ஃபில் கொண்டுவந்து வைத்தார். இந்தக் கிளையின் மனசாட்சி என்று இதைச் சொல்வேன். கவிதை பல இடங்களில் மெலிவு என்றாலும்.

மெலனி க்ரௌடரின் 'அடாசிட்டி' 2015. பாத்திரம் சரித்திரத்தில் வாழ்ந்தவர்: கிளாரா லெம்லிக். 1886-ல் ருஷ்ய சாம்ராஜ்யத்தின் யூதக் கிராமம் ஒன்றில் வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர். ருஷ்ய பாஷை யூதர்களை வதைப்பவர்களின் பாஷை என்று தகப்பனார் அதை வீட்டுக்குள் விடவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு வேதக் கல்வி உண்டு, பெண்ணுக்கு இல்லை. சிறுமி கிளாரா சட்டைக்குப் பொத்தான் துளை தைத்தும், எழுதத் தெரியாத தாய்மார்களுக்கு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் காசு சேர்த்துப் புத்தகம் வாங்கினார். அடுக்களையில் இறைச்சிச் சட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார். தகப்பனார் கண்டுபிடித்து நெருப்பில் போட்டார். அவர் மறுபடி முதல் புத்தகத்திலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். 1903-ல் கிஷினேவ் கலவரத்துக்குப் பின் குடும்பம் நியூயார்க்குக்குப் போனது. 1909 நவம்பர் 22-ம் தேதி கூப்பர் யூனியன் மண்டபத்தில் பெரிய தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க, இந்த இருபத்துமூன்று வயதுத் தையல்காரி மேடையேறி இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தம் என்றார். இருபதினாயிரம் பேரின் எழுச்சி என்று சரித்திரம் சொல்வது அதைத்தான். தகப்பனார் எரித்தது கொடுமை. ஆனால் அவருக்குக் காரணம் இருந்தது, அது கொலைவெறிக் கும்பல்களைப் பார்த்தவரின் காரணம். மதக் கண்டிப்பை வெறும் குரூரமாக வரைகிற எழுத்தாளன் பாதி வேலையைத்தான் செய்கிறான்.

முழு வேலையைச் செய்தவர் எலிஸபெத் அஸெவேடோ என்பது என் எண்ணம். டொமினிக்கன் குடியேறிகளின் மகள்; பள்ளி ஆசிரியையாக இருந்தவர்; மேடையில் கவிதை சொல்லிப் பழகியவர். 'த பொயட் எக்ஸ்' 2018-ல் வந்து அவ்வருஷத் தேசிய புத்தகப் பரிசையும், 2019-ல் பிரிண்ட்ஸ் பரிசையும், பிரிட்டனின் கார்னெகி பதக்கத்தையும் வாங்கியது. ஹார்லெமில் ஸியொமாரா என்ற பதினைந்து வயதுப் பெண். கத்தோலிக்கத் தாய் ஆல்டக்ராஸியா. தாய் கன்னியாஸ்திரீ ஆக ஆசைப்பட்டவள். அமெரிக்கா வருவதற்காகக் கட்டிவைக்கப்பட்டவள். இந்த ஒரு செய்தியால் நாவலின் தளமே மாறிவிடுகிறது. மகளை அடக்குகிற தாயும் தன் விருப்பத்தை யாருக்கோ பறிகொடுத்தவள். மகள் அவளுக்குத் தன் பறிபோன விரதத்தின் மிச்சம்.

ஸியொமாராவுக்கு உறுதிபூசுதலுக்கான ஞானோபதேச வகுப்பு கசக்கிறது. வகுப்புத் தோழன் ஒருவனைப் பிடிக்கிறது. இரட்டைச் சகோதரன் பரிசளித்த தோல் உறை போட்ட நோட்டில் எழுதுகிறாள். பையனை முத்தமிட்டதைத் தாய் பார்த்துவிட்ட அன்று மாதா பீடத்தின்முன் அரிசியைப் பரப்பி அதன்மேல் முழங்காலிடச் செய்கிறாள். பின்னால் ஒரு நாள் நோட்டு தாயின் கையில் அகப்படுகிறது. தீ வைக்கிறாள். நோட்டு எரிய எரிய மகள் தன் கவிதைகளை நினைவிலிருந்து உரக்கச் சொல்கிறாள். தாய் அதை மூடும்படி அருள் நிறைந்த மரியே மந்திரத்தை ஸ்பானிஷில் சொல்கிறாள். பக்கத்தில் இரண்டும் வரிக்கு வரி பின்னிக்கொண்டு போகின்றன. வரி முறிவு இங்கே அலங்காரமில்லை, இரண்டு மனப்பாடங்கள் முட்டிக்கொள்கிற ஓசை. கத்தோலிக்கச் சிறுமி செபமாலை உருட்டி உருட்டிப் பெற்ற ஞாபகசக்தியால்தான் எரிந்த நோட்டை வாயில் வைத்துக் காப்பாற்றுகிறாள். நாவலின் மூன்று பகுதிகளுக்கும் யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்துச் சொற்களே தலைப்பு. டிக்கின்ஸன் வாட்ஸின் சந்தத்தை எடுத்துக்கொண்டார் என்றேனே, அதே காரியம் இது.

மொழிபெயர்க்க நினைத்தால் இந்த இடம் தமிழில் விசித்திரமாகச் சிக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பைபிளின் வாக்கியத்துக்கும் செய்யுளுக்கும் 'வெர்ஸ்' என்று ஒரே சொல். தாயும் மகளும் அந்த ஒரே சொல்லின் இரு முனைகளைப் பிடித்து இழுக்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வீட்டில் வேத வாக்கியம் 'வசனம்'. பிள்ளைக்கு மனப்பாட வசனம் கொடுப்பார்கள். நமக்கோ வசனம் என்றால் கவிதைக்கு எதிர்ப்பதம், உரைநடை. வசன கவிதை என்று நம் முன்னோர் பெயர் வைத்தபோது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை நினைத்திருக்கமாட்டார்கள்.

முடிவில் தாயை நாவல் விரட்டிவிடவில்லை. பாதிரியார் ஷான், நம்பிக்கை வராதவளுக்கு உறுதிபூசுதல் வேண்டியதில்லை என்கிறார். தாயும் மகளும் அவர் அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார்கள். மகள் மேடையில் கவிதை சொல்லும்போது தாய் கூட்டத்தில் இருக்கிறாள். இந்தச் சமரசம் கொஞ்சம் விரைவாகக் கைகூடிவிட்டது என்று எனக்கு ஒரு குறை உண்டு. பரிசுகளுக்கு அது உதவியிருக்கலாம்.

நூலகங்களில் நடப்பதையும் சொல்லவேண்டும். 2009-ல் ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் ஹாப்கின்ஸின் பள்ளிப் பேச்சை ரத்து செய்தார்கள். பக்கத்து ஊரில் பாப்டிஸ்ட் சபை நடத்தும் கல்லூரி ஒன்று இடம் கொடுத்து அவரைப் பேசவைத்தது. மதம் என்று ஒரே வண்ணத்தில் பூசுகிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன். 2010-ல் டெக்ஸஸில் இளையோர் இலக்கிய விழாவுக்கு அழைத்துவிட்டு வேண்டாமென்றார்கள். மற்ற எழுத்தாளர்கள் சிலரும் விலகிக்கொள்ள விழாவே நின்றது. மார்மன்களின் மாநிலமான யூட்டா, பொதுப்பள்ளிகள் எல்லாவற்றிலிருந்தும் நீக்கவேண்டிய நூல்களின் முதல் பட்டியலை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. பதின்மூன்று நூல்கள். ஹாப்கின்ஸின் கவிதை நாவல்கள் இரண்டு, ரூபி கௌரின் கவிதைத் தொகுதி ஒன்று. 'பர்ன்ட்' அந்தப் பட்டியலில் இல்லை.

அஸெவேடோவுக்கு எதிர்ப்பு வேறு வழியில் வந்தது. வட கரோலினாவில் ஒரு பள்ளி ஒன்பதாம் வகுப்புக்கு 'த பொயட் எக்ஸ்' பாடமாக வைக்க, ஒரு மாணவரின் பெற்றோர் 2020-ல் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆபாசம் என்பது அவர்கள் வாதமல்ல. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி கிறிஸ்தவத்துக்கு விரோதமான நூலைக் கற்பிப்பது அரசே மதத்தில் தலையிடுவதாகும் என்றார்கள். நீதிபதி தடை விதிக்க மறுத்தார். மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. பெண் விடுதலை, தன்னம்பிக்கை என்று பொதுவாகப் புகழ்ந்த மதிப்புரைகளில் பலவற்றைவிட, இந்தப் புத்தகத்தில் செபத்துக்கும் கவிதைக்கும் ஒரே இடத்துக்காகப் போட்டி நடக்கிறது என்பதை அந்தப் பெற்றோர் சரியாகப் படித்திருந்தார்கள்.